அடியில் ஒரு சத்தம்

ஃப்ரிட்ஜை அணைத்தாயிற்று, ஃபேனை அணைத்தாயிற்று, பீரோக் கைப்பிடியில் துண்டைச் சுற்றியாயிற்று, இல்லாவிட்டால் கிதாரில் டி கார்டை அடித்ததும் அந்தக் கைப்பிடி தானும் ஒரு பாட்டுக்காரி என்று கூடச் சேர்ந்து கிணுகிணுக்கும். மெத்தையைத் தூக்கிச் சுவரோடு நிறுத்தியாயிற்று. அது முதலில் புளோரன்ஸின் தலையில் விழுந்து, பிறகு காலில் விழுந்து, கடைசியில் போனால் போகிறதென்று நின்றது. இனி கதவைச் சாத்த வேண்டியதுதான் பாக்கி. சாத்துவதற்கு முன்னால் கூடத்தை எட்டிப் பார்த்து, "ரெக்கார்டு பண்ணப் போறேங்க, இதக் காதுல மாட்டிட்டா எனக்கு ஒண்ணும் கேக்காது, யாராச்சும் வந்தா பாத்துக்கோங்க," என்றாள். பேப்பரை விரித்து வைத்திருந்த அவள் புருஷன் இன்னாசி நிமிராமலே கையை மட்டும் தூக்கி, போ போ என்று ஆட்டினார். கழுத்தில் ஆபரேஷன் ஆனதிலிருந்து இந்த வீட்டில் அந்தக் கைதான் பேசுகிறது. அவள் கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டி, கட்டிலின் வெறும் பலகையில் உட்கார்ந்து கிதாரை மடியில் எடுத்தாள். மைக் ஒரு சாண் தள்ளி, கிதாரின் கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்தைப் பார்த்து நின்றது. ஓட்டைக்கு நேராக வைத்தால் பானைக்குள் தலையை விட்டுப் பேசினது மாதிரி கேட்கும், அதை அவள் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். வாசித்தாள். கையெல்லாம் இன்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்டது. கடைசிக் கார்டை அடித்துவிட்டு அது தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நெற்றி வேர்வை மூக்கு நுனிக்கு வந்து தொங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. பிறகு போட்டுக் கேட்டாள். எல்லாம் அழகாக வந்திருந்தது. கடைசிக் கார்டு தேய்கிற இடத்தில், அடியில், குபுகுபு என்று அந்தச் சத்தம். "வந்துட்டியா மூதேவி," என்றாள் லேப்டாப்பைப் பார்த்து.

ஒரு வாரமாக இதே கூத்துதான். முதலில் மாடித் தண்ணீர்த் தொட்டி என்று நினைத்தாள், தொட்டியின் குழாயை அடைத்துவிட்டு வாசித்தாள், குபுகுபு வந்தது. அப்புறம் பக்கத்து வீட்டு ஜெசிந்தாக்காவின் மீன் தொட்டி என்று நினைத்தாள்; கடல் இந்தா கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது, இவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் நாலு மீனை விட்டு அதற்குக் காற்று வேறு அடித்துக்கொண்டிருக்கிறார்கள், என்ன சொல்ல. அக்காவிடம் போய்ப் பல்லைக் காட்டி அதையும் கொஞ்ச நேரம் அணைக்கச் சொன்னாள், அப்போதும் வந்தது. சரி, நம்ம வயிறாகத்தான் இருக்கும் என்று ஒரு நாள் ஆறு இட்லியைத் தின்றுவிட்டு உட்கார்ந்தாள். ஏப்பம் பதிவானது, குபுகுபுவும் பதிவானது. இனி ஒரே வழி லேப்டாப்பில் இருக்கிற ஈக்யூதான். ஈக்யூ என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை, மீன் ஆய்கிற வேலைதான், சத்தத்தில் வேண்டாததை எடுக்கிறது, கை ரொம்ப ஓடினால் மீனே இருக்காது. வீடியோ பார்த்துப் பார்த்துப் படித்தது அது. எண்பது ஹெர்ட்ஸுக்குக் கீழே கிதாருக்கு ஒரு சோலியும் இல்லை, அதை வெட்டு. இருநூறு, இருநூற்றைம்பதில் ஒரு மந்தம், போர்வைக்குள் இருந்து வருகிற மாதிரி, அதில் ஒரு சிட்டிகை குறை. மேலே விரல் கம்பியில் படுகிற சரசரப்பு இருக்கிறது பார், அதைக் கொஞ்சம் தூக்கு, ஆள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி ஆகும். நேற்று அந்தக் குபுகுபுவை விரட்டப்போய் அடியை வெட்டி, இன்னும் வெட்டி, கிதார் கடைசியில் கொசு மாதிரி ஆகிவிட்டது. எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டு, இன்றைக்கு முடியாது, நாளைக்குப் பார்ப்போம் என்று எழுந்தபோது அவளுக்குக் கவலையே வரவில்லை. நிம்மதியாக இருந்தது. எதற்கு நிம்மதி? அந்தக் கேள்வியை அவள் மேலே தொடரவில்லை, போய் அரிசி களைந்தாள்.

தொடராவிட்டால் அது போய்விடுமா, இப்போதும் வந்து நின்றது. பாட்டு கொடியேற்றப் பாட்டு. மாதா கோயில் திருவிழாவில் கொடி கம்பத்தில் ஏறும்போது பாடுவது. இவள் கிதாரைப் பதிந்து அனுப்பினால் கோயில் குவயரில் பாடுகிறவர்கள் அவரவர் வீட்டில் அதைப் போட்டுப் பழகிக்கொள்வார்கள். முதல் வரியைத் தனியாக ஒருத்தர் பாட வேண்டும், அப்புறம்தான் மற்றவர்கள் சேருவார்கள். அந்த ஒருத்தர், இவள் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து, இன்னாசிதான். இந்த வருஷம் குவயரை நடத்துகிற தொபியாஸ் மாஸ்டர் போன் பண்ணி, "ஏம்மா புளோரி, மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத, இன்னாசி நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும், செபஸ்தியான் மகன் இருக்கான்லா, அவன் பாடட்டும், அவனுக்குத் தக்கன சுருதிய ஏ-க்கு ஏத்திரு," என்றார். பாவம், அந்தப் பையன் நல்லாத்தான் பாடுவான், அவன்மேல் என்ன குற்றம். சரி மாஸ்டர் என்று சொல்லி, கிதாரின் கழுத்தில் கேப்போ என்கிற கவ்வியை மாட்டி, சுருதியை ஒரு கட்டை ஏற்றினாள். அன்றையிலிருந்துதான், எத்தனை தடவை பதிந்தாலும், இவளுக்கு ஒரு டேக்கும் பிடிக்காமல் போனது. ட்ராக் வந்துவிட்டால் பையன் நாளைக்கே பழக ஆரம்பித்துவிடுவான், பழகிவிட்டால் வரி அவனுடையது, இன்னாசி பின்வரிசையில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பார், இல்லை, நிற்க மாட்டார், ஏதாவது சாக்குச் சொல்லி வீட்டில் இருந்துவிடுவார். "ஈக்யூ இன்னும் முடியல மாஸ்டர்," என்று இவளும் தினம் ஒரு தடவை சொல்கிறாள். ஈக்யூ என்றால் என்னவென்று மாஸ்டருக்குத் தெரியாது, ஏதோ ஆஸ்பத்திரி சமாசாரம் என்று நினைத்தாரோ என்னவோ, "ஒடம்பப் பாத்துக்கோம்மா," என்று வைத்துவிடுகிறார். அதை நினைத்ததும் புளோரன்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வயிற்றில் அணைத்திருந்த கிதாரும் கூடக் குலுங்கியது.

குரல் என்றால் சாதாரணக் குரலா அது. மீன் ஏலக்கூடத்தில் ஏலம் கூறுகிறவர் இன்னாசி. அவளுக்கு ஆளைத் தெரிவதற்கு முன்னால் குரலைத் தெரியும். கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருந்த நேரம், கிதாரைத் தோளில் போட்டுக்கொண்டு குவயர் ப்ராக்டிஸுக்குக் கடற்கரை ரோட்டில் போனபோது, ஏலக்கூடத்துக்குள் யாரோ ஒருத்தர் நூறையும் நூற்றம்பதையும் ராகம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார். இவள் நின்று கேட்டு, அந்தச் சுருதியை வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டு கோயில் வரைக்கும் பத்திரமாகக் கொண்டுபோய்க் கிதாரில் வைத்துப் பார்த்தாள். ஜி. மறுநாள் வேண்டுமென்றே அதே நேரத்துக்குப் போனாள், அன்றைக்கும் ஜி. ஒரு மாசம் போனாள், மனுஷன் ஒரு மயிரிழை மாறவில்லை. "எவளாவது மாப்பிள்ளையச் சுருதி பாத்துக் கட்டுவாளாட்டி," என்று அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கட்டினாள். பதினேழு வருஷமாகக் காதோடு சொல்ல வேண்டிய ரகசியத்தைக்கூட அந்த மனுஷன் ஏலம் கூறுகிற மாதிரிதான் சொன்னார். போன வருஷம் இந்த மைக்கை வாங்கினபோது, இனிமேல் கம்ப்ரெஸர் போடப் படிக்க வேண்டும் என்று இவள் சொன்னாள், உடனே அவர், "ஏ புளோரி, நம்ம ஃப்ரிட்ஜுல இருக்கதக் கழத்திராதட்டி!" என்று சத்தம் போட, "ஃப்ரிட்ஜுக்கு என்னாச்சு?" என்று ஜெசிந்தாக்கா பக்கத்து வீட்டில் இருந்து கேட்டாள். அப்படி இருந்த வீடு. கழுத்தில் கட்டி என்றார்கள், எடுத்தார்கள், கெட்ட கட்டி இல்லை, மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று. குரல் நரம்பு மட்டும் சோர்ந்துபோயிருக்கிறது என்றார் டாக்டர், வரலாம், வராமலும் போகலாம். வராமலும். அந்த ஒரு வார்த்தை தொண்டையில் முள் மாதிரி நின்றுகொண்டது, எத்தனை உருண்டை சோற்றை விழுங்கினாலும் இறங்கமாட்டேன் என்கிறது. ஏலக்கூடத்தில் இப்போது அவருடைய சித்தப்பா மகன் கூறுகிறான், இவர் பக்கத்தில் நின்று விரலைக் காட்டுகிறார். ஆஸ்பத்திரியில் குரல் பயிற்சி கொடுக்கிற அந்தச் சின்னப் பெண் தண்ணீர் டம்ளரையும் ஒரு ஸ்ட்ராவையும் கொடுத்து, ஸ்ட்ராவைத் தண்ணீருக்குள் விட்டு முனகிக்கொண்டே ஊதுங்க அண்ணாச்சி, தினமும் பண்ணுங்க, விட்டுராதீங்க என்றாள். வீட்டுக்கு வந்து முதல் நாள் ஊதினபோது மகள் ஷைனி, "யப்பா, நீங்க சோடா கலர் குடிக்கப் பழகுறீங்களாப்பா," என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சத்தமில்லாமல் சிரித்தார். டம்ளரைக் கொண்டுபோய்க் கழுவும் தொட்டியில் வைத்தார், அவ்வளவுதான், அப்புறம் தொடவில்லை. இவள் கெஞ்சினாள், ஏசினாள், ஒரு நாள் அழுதுகூடப் பார்த்தாள். கை மட்டும், போ போ என்றது. அவ்வளவு வீம்பு. வாங்கிவைத்த ஸ்ட்ரா பாக்கெட்டை ஷைனிதான் இளநீர் குடித்துத் தீர்க்கிறாள், அது வேற செலவு.

சரி, வேலையைப் பார். கம்ப்ரெஸரைப் போட்டாள். இது இன்னொரு வேடிக்கைக்காரன். ஓங்கிப் பேசுகிறவன் தலையில் ஒரு தட்டுத் தட்டி உட்காரவைப்பான், அப்புறம் மொத்தத்தையும் மேலே தூக்குவான், அப்போது இதுவரை பின்னால் ஒளிந்திருந்த சின்னச் சின்னச் சத்தமெல்லாம் முன்னால் வந்து வரிசையில் நிற்கும். ஓங்கி அடித்த கார்டு அடங்கியது, மெதுவாகத் தொட்ட கம்பி எழுந்தது, கூடவே குபுகுபுவும் நல்ல சுகமாக எழுந்து உட்கார்ந்தது. இருடா உன்னை. வீடியோக்காரர்கள் சொல்லிக்கொடுத்த வழி ஒன்று இருக்கிறது. ஈக்யூவில் ஒரு இடத்தை மட்டும் ஊசி மாதிரி உயர்த்தி, அதை அங்கேயும் இங்கேயும் நகர்த்திக்கொண்டே போனால், கெட்ட சத்தம் இருக்கிற இடத்தில் அது கத்திக் காட்டிக்கொடுக்கும், அந்த இடத்தை அப்படியே கீழே அமுக்கிவிடலாம். நகர்த்தினாள். தொண்ணூறு, நூறு, நூற்றுப் பத்து. மாட்டினான். நூற்றுப் பத்தில் குபுகுபுவென்று கத்தியது. அமுக்கப் போனாள், அதற்குள் பாட்டில் கார்டு மாறியது, கத்தல் காணாமல் போய்விட்டது. எங்கே போனான்? மேலே தள்ளினாள், நூற்று நாற்பதைத் தாண்டி அங்கே உட்கார்ந்திருந்தான். மறுபடி கார்டு மாறியது, மறுபடி இடத்தை மாற்றினான், ஏ வந்தபோது திரும்பவும் நூற்றுப் பத்துக்கே ஓடிவந்தான். புளோரன்ஸ் கையை எடுத்துவிட்டாள். தண்ணீர்த் தொட்டி எங்கேயாவது ஏ-யில் இருந்து டி-க்குப் போகுமா? ஜெசிந்தாக்காவின் மீன் கார்டு பார்த்து மூச்சு விடுமா? பாட்டை நிறுத்தி, முதலில் இருந்து போட்டாள், கிதாரின் மேல்பக்கத்தை எல்லாம் வெட்டி எறிந்தாள், அடியை மட்டும் வைத்துக்கொண்டாள், கம்ப்ரெஸரைப் போகிறவரை ஏற்றினாள், எந்த வீடியோக்காரன் பார்த்தாலும் இவளை வீட்டைவிட்டு விரட்டியிருப்பான். கேட்டாள். தண்ணீருக்குள் இருந்து ஒரு முனகல். குமிழி குமிழியாக உடைந்து, ஆனாலும் கார்டு கார்டாக அவள் கூடவே நடந்து, மேலே ஏற வேண்டிய இடத்தில் எட்டாமல் மூச்சு வாங்கி, நின்று, அடுத்த அடியில் வந்து ஒட்டிக்கொண்டு. யாராக இருக்கும் என்ற கேள்வியே அவளுக்கு வரவில்லை. ஏலக்கூடத்துக்கு வெளியே ரோட்டில் நின்று ஒரு மாசம் கேட்டவள் அவள்.

ஏ மாதாவே. அடுக்களைக்கும் இந்த அறைக்கும் நடுவே சுவரில் மேலே வெண்டிலேட்டர் இருக்கிறது, கதவைச் சாத்தி என்ன, மெத்தையை நிறுத்தி என்ன. இவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒண்ணும் கேக்காது என்று ஊருக்கு முரசு அடித்துவிட்டு உள்ளே வந்த உடனே, அந்த மனுஷன் பேப்பரை மடித்துவைத்துவிட்டு அடுக்களைக்குப் போய், டம்ளரில் தண்ணீர் பிடித்து, ஸ்ட்ராவைப் போட்டு, திருட்டுப் பால் குடிக்கிற பூனை மாதிரி ஒரு வாரமாக ஊதிக்கொண்டிருக்கிறார். அதுவும் இவள் வாசிக்கிற பாட்டுக்கே. பாவி மனுஷா, கள்ளப் பயலே, என் தங்கமே. இளநீர் குடித்தே ஸ்ட்ராவைத் தீர்க்கிறாள் என்று ஷைனியை வேறு நேற்றுத்தான் ஏசினேன். தினம் தினம் அந்த முனகலை இவள் கூறுகூறாக வெட்டிக் குப்பையில் போட்டிருக்கிறாள், கிதார் கொசுவாகப் போனாலும் பரவாயில்லை என்று. அழுகையும் சிரிப்பும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு வந்தன. ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துவிடலாம் என்று பாதி எழுந்தாள், மைக் தாங்கி முழங்காலில் இடித்தது, உட்கார்ந்துவிட்டாள். கதவைத் திறந்தால் டம்ளர் கழுவும் தொட்டிக்குப் போய்விடும். போன தடவை போனதுபோலப் போய்விடும், அப்புறம் வராமலும். இல்லை, இன்றைக்கு அந்த வார்த்தையை முழுசாகச் சொல்ல அவளுக்கு நேரமில்லை. மேலே எட்டாமல் நின்றது ஏன்? சுருதி பையனுடையது, அதுதானே. கேப்போவைக் கழற்றி மெத்தைப் பக்கம் எறிந்தாள், கிதார் ஜி-க்கு இறங்கியது. மைக்கைத் தூக்கி, கிதாரைப் பார்த்துக்கொண்டிருந்ததை வெண்டிலேட்டர் பக்கமாகப் பாதி திருப்பினாள். ஈக்யூவில் வெட்டினதை எல்லாம் வெட்டினது இல்லை என்று ஆக்கினாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, நாடகக்காரி கெட்டாள், அப்படி ஒரு சத்தத்தில், "இன்னும் ஒரு டேக்குங்க! ஒண்ணுமே கேக்கல எனக்கு!" என்று கத்தினாள்.

மெதுவாக வாசித்தாள். வழக்கத்தைவிட மெதுவாக, ஒவ்வொரு கார்டுக்கும் நடுவில் ஒரு ஆள் மூச்சு விட்டு எழுந்து நிற்க இடம் கொடுத்து. வாசிக்கும்போது ஒன்றும் கேட்கவில்லை, கிதார்தான் காதை அடைத்துக்கொண்டிருந்தது, ஆனால் இன்றைக்குக் கேட்காததும் இருக்கிறது என்று தெரியும். வெளியே பழைய இரும்பு வாங்குகிறவன் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போனான், போகட்டும், அவனும் பாட்டில் இருந்துவிட்டுப் போகட்டும். வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. முதல் வரி வருகிற இடம் வந்தபோது அவள் விரல்கள் தாமாகவே தணிந்தன, கோயில் முற்றத்தில் பக்கத்தில் அவர் நிற்கும்போது தணிவது மாதிரி. கடைசி ஜி. அடித்துவிட்டு, தேயக் காத்திருக்காமல் உள்ளங்கையை வைத்துக் கம்பிகளை அமர்த்தினாள். கிதார் செத்த மாதிரி அடங்கியது. லேப்டாப்பில் சத்தத்தைக் காட்டுகிற பச்சைக் கோடு விழவில்லை. ஆடிக்கொண்டே இருந்தது. ஹெட்போனில் குபுகுபு நின்றிருந்தது, ஸ்ட்ராவை வாயில் இருந்து எடுத்துவிட்டார் போல, தண்ணீர் இல்லாத வெறும் முனகல் ஒன்று, கொஞ்சம் கீறலோடு, கிதாரே இல்லாமல், ஜி-யில் நீண்டுகொண்டே போனது. ஒரு மூச்சு முழுக்கப் போனது. ஒரு மயிரிழை மாறவில்லை. அவள் நிறுத்துகிற பட்டனை அழுத்த மறந்துபோனாள்.

கழுவவில்லை, ஆயவில்லை, லேசாகக் கம்ப்ரெஸரை மட்டும் போட்டு, சின்னச் சத்தம் முன்னால் வந்து நிற்கிற அளவுக்கு, அப்படியே மாஸ்டருக்கு அனுப்பிவிட்டாள். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது இன்னாசி ஒன்றும் அறியாத மனுஷன் மாதிரி டம்ளரைத் துடைத்துக்கொண்டு நின்றார், உதட்டில் ஸ்ட்ராவின் வட்டம் அச்சாகப் பதிந்திருந்தது. புளோரன்ஸ் அதைப் பார்க்காத மாதிரி, "டீ போடட்டுமா," என்று கேட்டாள். அதற்குள் போன் அடித்தது, அவள் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"ஏம்மா புளோரி, கேட்டேன். கேக்கதுக்கு நல்லாத்தான் இருக்கு," என்றார் தொபியாஸ் மாஸ்டர், "ஆனா சுருதி எறங்கிக் கெடக்கே? நான் பையனுக்கு ஏ-லல்லா கேட்டேன்?"

"தெரியும் மாஸ்டர்."

"சரி, அத மாத்திக்கிடலாம். இன்னொண்ணு, அடியில ஏதோ சத்தம் கேக்கும்மா. குபுகுபுன்னு. அப்புறம் கடைசில ஒரு இழுவ. ஒனக்குத்தான் அந்த ஈக்யூ எல்லாம் தெரியும்லா, கையோட அத எடுத்துரு."

இன்னாசி போனைப் பார்த்தார். பிறகு மேலே வெண்டிலேட்டரைப் பார்த்தார், கையில் இருந்த டம்ளரைப் பார்த்தார், அப்புறம் இவளைப் பார்த்தார். காது மடல் வரைக்கும் சிவந்துபோனது அவருக்கு. கை பழக்கத்தில் எழுந்தது, போ போ என்று ஆட்டப் போகிறது என்று இவள் நினைத்தாள், ஆட்டவில்லை. டம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் போன் பக்கம் குனிந்தார். பாதி காற்றும் பாதி கரகரப்புமாக, ஆனாலும் சத்தமாக, கிசுகிசுப்பாக இல்லாமல் சத்தமாக, ஒரு குரல் வந்தது.

"எடுக்க வேண்டாம் மாஸ்டர். அது நாந்தான்."

போனுக்குள் மாஸ்டர் மூக்கை உறிஞ்சுகிறது கேட்டது.

"அப்பச் சரி," என்றார் மாஸ்டர். "சுருதி ஜி-லயே இருக்கட்டும்."